கையொப்பமும் கறையும்: திகில் நூற் சேகரிப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழிற் பேய்க்கதைகளையும் திகிற் சித்திரக்கதைகளையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வோர் மிகச் சிலரே. 'நச்சிலக்கியம்' என்னும் ஒரு சொல்லால் அவை அனைத்தையும் கட்டி வெளியே வைத்துவிடுவது நமது விமர்சன மரபில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். அவ்வாறு வெளியே வைக்கப்பட்டவை அங்கேயே கிடந்து மக்கிப்போயிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவை எழுந்திராது. ஆனால் நாம் எறிந்தவற்றை வேறொருவர் பொறுக்கினார், தூசு தட்டினார், தரம் பிரித்தார், விலையும் வைத்தார். இன்று பழைய திகிற் சித்திரக்கதை ஒன்றின் பெறுமதியைத் தீர்மானிப்பவன் சேகரிப்பாளனே. அவன் கையிலுள்ள அளவுகோல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது விமர்சகன் கேட்டேயாக வேண்டிய கேள்வி. முன்னர் ஒதுக்கியவன் அவனே ஆகையால் இக்கேள்வியிலிருந்து அவன் தப்பிக்கொள்ளவும் இயலாது.

இக்கேள்வி எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. ஹேவாஹெட்டவில், தோட்டமொன்றின் லயக் காம்பராவிலே, கட்டிலின் கீழிருந்து இழுத்தெடுக்கப்பட்ட றங்குப்பெட்டி ஒன்றினைத் திறந்தபோது எழுந்தது. பெட்டிக்குரியவர் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து அண்மையில் ஓய்வுபெற்றவர். அவர் பட்டணப்பக்கம் குடிபெயர்ந்துவிட்டார். பெட்டி மட்டும் தமையனாரின் காம்பராவிலேயே தங்கிவிட்டது. அதனுள்ளே சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ், 1984 இல் தொடங்கிய லயன், அதே ஆண்டிலே தொடங்கிய ராணி காமிக்ஸ், லயனின் சகோதர வெளியீடாகிய திகில் என்பவற்றின் இதழ்கள் நாற்பதுக்குக் கிட்ட இருந்தன. அட்டையிழந்த பி. டி. சாமியின் பேய் நாவல்கள் சிலவும் கிடந்தன. மலைநாட்டு ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்த மணம் அவற்றிலே ஏறியிருந்தது.

ஏறக்குறைய ஒவ்வோர் இதழின் முதற்பக்கத்திலும் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பெயருக்குப் பக்கத்தில் லயத்தின் இலக்கம், மேற்கணக்கு அல்லது கீழ்க்கணக்கு என்ற குறிப்பு, சிலவற்றில் தேதி. ஒன்றில் 'இரவுக்குப் பத்துச் சதம்' என்று வாடகை எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றில், எழுத்துக் கூட்டிப் பழகும் பருவத்துக் கையொன்று, புத்தகத்தைத் திருப்பித் தராதவனை ரோதைமுனி வந்து கேட்கும் என்று எச்சரித்திருந்தது. பேனா, பென்சில், நீலம் போடும் கட்டியைக் கரைத்த நீர் என எழுதுகருவிகளும் பலவகைப்பட்டன.

நான் அப்பெட்டியைப் பார்ப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் சேகரிப்பாளர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து அதனைப் பார்த்துச் சென்றிருந்தார். எதுவும் எழுதப்படாத ஆறு இதழ்களைப் பிரித்தெடுத்து, ஆசிரியர் எதிர்பாராத ஒரு விலையை அவற்றுக்குச் சொன்னாராம். எஞ்சியவை 'கறை பட்டவை' என்பது அவருடைய தீர்ப்பு. ஆசிரியர் இதனை எனக்குச் சொன்னபோது அவருடைய குரலிலே கோபம் இருக்கவில்லை. ஒருவகை வியப்பே இருந்தது. "சேர், யாரும் வாசிக்காத புத்தகத்துக்குத்தான் அவங்க கூடக் காசு தர்றாங்க" என்றார். இக்கட்டுரையிற் கூறப்படுவன பெரும்பாலும் அவ்வாக்கியத்தின் விளக்கமே.

2

சேகரிப்பாளர் தாமாக ஒரு விதியைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவ்விதி ஐக்கிய அமெரிக்காவிலே பல பத்தாண்டுகளாகச் செதுக்கப்பட்டு உலகச் சந்தை முழுவதற்கும் பொதுவாகியிருப்பது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும்.

திகில் நூல்களின் குறைந்த எண்ணிக்கைப் பதிப்புக்கள் தொடக்கத்தில் வறுமையின் விளைவாகவே தோன்றின. லவ்கிராஃப்ட் 1937 இல் இறந்தபோது அவருடைய கதைகள் மலிவுத்தாள் சஞ்சிகைகளிலே சிதறிக் கிடந்தன. பெரிய பதிப்பகம் எதுவும் அவற்றை ஏற்கவில்லை. அவருடைய அன்பர்களாகிய ஓகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வோன்ட்ரி ஆகிய இருவரும் 1939 இல் ஆர்க்காம் ஹவுஸ் என்னும் பதிப்பகத்தைத் தாமே நிறுவி முதற்றொகுதியை வெளியிட்டனர். அச்சிட்டவை 1268 படிகள். அவையும் மெல்ல மெல்லவே விற்றன. கைப்பணத்துக்கும் வாசகர் தொகைக்கும் இயைந்த எண் அது. நமது எழுத்தாளர் எவரும் அதனை உடனே புரிந்துகொள்வர்.

1980 அளவில் நிலைமை தலைகீழாயிற்று. இலட்சக்கணக்கில் விற்பனையாகும் எழுத்தாளராகிய ஸ்ரீபன் கிங்கின் தீ பற்றிய நாவலொன்று அவ்வாண்டிலே பொதுப்பதிப்பாக வெளிவந்ததோடன்றி, எண்ணிட்டுக் கையொப்பமிட்ட 725 படிகளாகவும் தனியே வெளியிடப்பட்டது. அதற்கும் மேலே, எண்ணுக்குப் பதிலாக ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்தொன்று பொறிக்கப்பட்ட 26 படிகள் கல்நார்த் துணியாற் கட்டப்பட்டன. இந்த எண்களை வாசகர் தொகையோ அச்சுக்கூலியோ தீர்மானிக்கவில்லை. பற்றாக்குறை இங்கே நேர்வதன்று, உற்பத்தி செய்யப்படுவது; நூலோடு சேர்த்து விற்கப்படும் பண்டமும் அதுவே.

சித்திரக்கதையின் கதை இன்னும் தெளிவானது. 1950களின் தொடக்கத்திலே ஐந்தும் பத்துமாகச் சில்லறை கொடுத்துச் சிறுவர் வாங்கி, கைமாற்றிக் கிழித்துத் தீர்த்த திகில் இதழ்கள் 1954 இல் அமெரிக்க மேற்சபைக் குழுவின் விசாரணைக்கு உள்ளாயின. பதிப்பாளர் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். திகில் இதழ்கள் மறைந்தன. மறைந்தமையாலேயே பின்னர் அருமைப்பொருளாயின. 1970 இல் ஓவர்ஸ்ரீட் என்பவரின் விலைக்கையேடு வந்தது. 2000 இல் சித்திரக்கதைகளுக்குப் புள்ளி வழங்கும் நிறுவனமொன்று தோன்றிற்று. பத்துக்கு எத்தனை என்று புள்ளியிட்டு, இதழைத் தெளிந்த பிளாஸ்ரிக் பேழையில் வைத்து மூடி முத்திரையிட்டுவிடுவது அதன் தொழில். பேழையை உடைத்தாற் புள்ளி செல்லாது. ஆகவே புள்ளி பெற்ற இதழை எவரும் வாசிக்க இயலாது.

அந்நிறுவனத்தின் விதிகளில் நமது நோக்கத்துக்கு இன்றியமையாதது கையொப்பம் பற்றிய விதி. ஆசிரியனோ ஓவியனோ நிறுவனத்தின் சாட்சி முன்னிலையிற் கையெழுத்திட்டால் இதழுக்கு மஞ்சள் நிறச் சீட்டு உண்டு, மதிப்பும் ஏறும். சாட்சியில்லாத கையொப்பத்துக்குப் பச்சைச் சீட்டு. அது குறையுடைமையின் அடையாளம். வாசித்த சிறுவனின் பெயரோ வெறுங் குறை. கிழிசல், மடிப்பு, தேநீர்க்கறை என்பவற்றோடு ஒரே வரிசையில் எண்ணப்படுவது. ஆக்கியோன் பெயர் எழுதினால் அழகு, வாசித்தோன் பெயர் எழுதினால் அழுக்கு. ஹேவாஹெட்டப் பெட்டியின் முன் அமர்ந்து அந்தச் சேகரிப்பாளர் நிறைவேற்றியது இவ்விதியையே.

பயன்பெறுமதி முற்றாகச் செத்தபின்னரே பரிமாற்றப் பெறுமதி உச்சம் அடையும் பண்டம் உலகிற் பல இல்லை. வாசித்தற்கெனப் பிறந்த நூல் அவற்றுள் ஒன்றாக்கப்பட்டிருக்கிறது.

3

தமிழ் அச்சுநூல் வரலாற்றிலே கையொப்பம் என்ற சொல் வேறொரு பொருளில் வழங்கிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஒருவர் பெருநூலொன்றைப் பதிப்பிக்கக் கருதினால், அது அச்சேறு முன்னரே அதனை வாங்குவதாக உடன்பட்டோரிடம் பெயர் எழுதி வாங்குவார். அதற்குக் கையொப்பம் என்றும், அவ்வாறு எழுதித் தந்தோர்க்குக் கையொப்பக்காரர் என்றும் பெயர். உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவகசிந்தாமணியை வெளிக்கொணர்ந்தது இவ்வாறு கையொப்பம் சேர்த்தே. அந்நாளிலே 'கையொப்பமுள்ள நூல்' என்றால் வாசகரின் கைகளாற் சாத்தியமான நூல் என்றே பொருள்படும். வாங்குவோனின் கையெழுத்து நூலுக்கு முன்னே நின்றது. இன்று ஆசிரியனின் கையெழுத்து நூலுக்குப் பின்னே ஒட்டப்படுகிறது. இடைப்பட்ட காலத்திலே சொல் அப்படியே நிற்க, அதன் பொருள் ஒரு வர்க்கத்திலிருந்து மற்றொரு வர்க்கத்துக்கு மாறிவிட்டது எனலாம்.

பழைய பொருள் முற்றாக இறந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். சிவகாசி லயன்–முத்து வெளியீட்டார் 2012 இல் மீண்டும் ஊக்கத்துடன் வெளிவரத் தொடங்கியபின் ஆண்டுச் சந்தாவையும் முன்பதிவையும் பெரிதும் நம்பியே இயங்கிவந்துள்ளனர். 'இரத்தப் படலம்' என்னும் பெல்ஜியச் சித்திரத்தொடரின் வண்ணத் தமிழ்ப்பதிப்பு 2018 இல் முன்பதிவின் பலத்திலேயே வெளிவந்தது. (அது திகிற்கதையன்று, மர்மக்கதை, ஆயினும் வாசகர் கூட்டம் ஒன்றே.) இங்கே எண்ணிக்கை குறைவது வாங்குவோர் குறைவதனால். இதனை அமெரிக்கக் கல்நார்ப் படிகளோடு ஒரே தட்டில் வைத்துப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் அவ்வாறு முன்பதிவு செய்யப்பட்ட இதழே சில ஆண்டுகளிற் கைமாற்றுச் சந்தையிற் பன்மடங்கு விலைக்குப் போகும்பொழுது, கையொப்பக்காரர் மரபு பேழை மரபுக்குள் நழுவிவிடுகிறது.

நமது இல்லத்திலும் ஒரு சிறுமை உண்டு. ஈழத்துத் தமிழ் நூல் ஐந்நூறு படியோ ஆயிரம் படியோ அச்சாகிறது. இப்போது முந்நூறும் உண்டு. வெளியீட்டு விழாவிலே முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வர்த்தகப் பெருமக்களுக்கு மேடையில் வழங்கப்படுகின்றன. ஆசிரியர் கையொப்பமிடுகிறார், கடித உறை கைமாறுகிறது, படம் எடுக்கப்படுகிறது. அச்சிறப்புப் பிரதிகளின் தாள்கள் பின்னர் வெட்டிப் பிரிக்கப்பட்டனவா என்று எவரும் கேட்பதில்லை. எண்ணிட்ட பதிப்பை எள்ளுமுன் இதனையும் நினைத்துக்கொள்வது நன்று.

4

இனி, பெட்டியிலிருந்த பொருளுக்கு வருவோம். தோட்டத்துச் சிறுவன் திகிற்கதையிலே எதனைத் தேடினான்? வெளியுலகிலிருந்து வந்த மலிவான அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினான் என்று கூறுவது எளிது. ஆனால் அச்சத்தை இறக்குமதி செய்யவேண்டிய நிலையில் மலையக மக்கள் என்றும் இருந்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையை அவர்கள் ஸ்டோர் என்பர். அங்கே சுழலும் சக்கரம் ரோதை. அந்த ரோதைக்கு ஒரு முனி உண்டு, அவர்தாம் ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்கும் கவ்வாத்துத் தொழிலுக்கும் கவ்வாத்துச்சாமி என்றொரு தெய்வம் உண்டு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூடவே வந்த முனியும் மாடனும் புதிய உற்பத்திக் கருவிகளுக்குள்ளே குடியேறினர். கையை இழுத்துக்கொள்ளும் சக்கரமும், காலிற் பாயும் கத்தியும் விளைத்த பயமே அத்தெய்வங்களுக்குப் பீடமிட்டது. உழைப்புக் கருவி உழைப்பவனை விழுங்கும் சக்தியாக எதிர்நின்றமைக்கு இதனினும் தெளிவான கலைவடிவம் எதனையும் நான் அறியேன். பத்துவயதுச் சிறுவன் இரவற் புத்தகத்துக்குக் காவலாக டிராக்குலாவை அழைக்கவில்லை, ரோதைமுனியை அழைத்தான் என்பது நோக்கற்பாலது.

ஹேவாஹெட்டவுக்கு இதில் ஒரு தனித்தொடர்பும் உண்டு. லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் பத்தொன்பது ஏக்கரில் வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்ட ஆண்டு 1867. கார்ல் மார்க்ஸ் தமது மூலதனத்தின் முதற்பாகத்தை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். வேலைநாள் பற்றி அந்நூலில் ஆராயுமிடத்து, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை அவர் இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிடுகிறார். பிராம் ஸ்ரோக்கரின் டிராக்குலா வெளிவர அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் சென்றன. ரெயிலர் 1892 இல் லூல்கந்துரையிலேயே இறந்து கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே 1940 சனவரியில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். துரையின் கல்லறையை இன்றும் வெளிநாட்டார் தேடிச் சென்று காண்கின்றனர்.

பெட்டியிற் பெயர்கள் மிகுதியாக எழுதப்பட்டிருந்தவை, அதாவது மிகுதியாகக் கைமாறியவை, வேதாளன் கதைகளே. லீ ஃபால்க் 1936 இற் படைத்த இவ்வீரன் தமிழில் வேதாளன் என்றும் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் வழங்கப்பெற்றான். கதையின் அடிப்படை எளியது. அடர்ந்த காட்டிலே மண்டையோட்டுக் குகையில் வெள்ளையன் ஒருவன் வாழ்கிறான். அவன் சாவதில்லை என்று காட்டுமக்கள் நம்புகின்றனர். உண்மையில் நானூறு ஆண்டுகளாகத் தந்தை இறக்க மகன் அதே உடையை அணிந்து அதே இருக்கையில் அமர்கிறான். உடையும் முகமூடியும் மாறாமையால் ஆள் மாறியது எவருக்கும் தெரிவதில்லை. கருநிற மக்களை அவர்களுடைய அச்சத்தைக் கொண்டே வெள்ளையன் ஆளும் இக்கதை பச்சையான காலனித்துவக் கற்பனை என்பதில் ஐயமில்லை. விமர்சகன் இவ்வளவோடு நின்றுவிடலாம். நானும் பல ஆண்டுகள் நின்றுவிட்டவன்தான்.

ஆனால் தோட்டத்துச் சிறுவன் நான் வாசித்தபடி வாசித்தானா? குன்றின் உச்சியிலே பங்களா. அதில் ஒரு துரை. அவர் போக இன்னொரு துரை. அதே காற்சட்டை, அதே தொப்பி, அதே பிரட்டுக்களத்து அதட்டல். 1970களின் நடுப்பகுதியிலே தோட்டங்கள் அரசுடைமையானபின் துரையின் நிறம் மாறிற்று. பங்களாவும் அதட்டலும் மாறவில்லை. ஆசிரியரிடம் இதுபற்றி வினவினேன். வேதாளன் சாகாதவன் அல்லன், ஆள் மாறுகிறது என்பதைக் காட்டுமக்கள் அறியார், வாசிக்கும் தாம் மட்டுமே அறிவோம் என்பதே தங்களுக்கு அக்கதையில் இனித்தது என்றார். வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கை வைத்துக்கொண்டு, ஆள்வோனின் இரகசியத்தை ஆளப்படுவோர் அறிந்துகொள்ளும் ஒரு கதையாக அதனை அவர்கள் படித்திருக்கின்றனர். ஒரு வாசகரின் நினைவைக் கொண்டு பொதுமுடிவு காண்பது முறையன்று. ஆயினும் பனுவலை மட்டும் ஆராய்ந்து வாசகனை ஊகித்துக்கொள்ளும் நமது வழக்கத்தின்மேல் அது ஐயத்தை எழுப்பிவிட்டது.

தமிழிலக்கியத்துள் திகிலைக் கையாண்ட பெருங்கலைஞர் புதுமைப்பித்தன். காஞ்சனையும் செவ்வாய் தோஷமும் அவருடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு இட்டுச்செல்லப்பட்ட பெண்ணின் அவலத்தைத் துன்பக்கேணியாக எழுதியவரும் அவரே. ஆய்வாளர் முதலிரண்டையும் ஒரு வகையிலும் துன்பக்கேணியை வேறொரு வகையிலும் அடக்கி, ஒன்றை உளவியல் என்றும் மற்றதை யதார்த்தம் என்றும் பெயரிட்டுவிடுவர். மூன்றையும் ஒருசேர வாசித்தால், பேய் தோன்றும் கதைகளைவிடப் பேய் தோன்றாத துன்பக்கேணியே மயிர்க்கூச்செறியச் செய்வது என்பது என் கருத்து.

5

பிரித்தானியாவிலே 1955 இல் தீங்கு விளைக்கும் சிறுவர் வெளியீடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அமெரிக்கத் திகில் இதழ்களுக்கெதிரான அவ்வியக்கத்திலே பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியினருக்கு இருந்த பங்கை மார்ட்டின் பார்க்கர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டிற்று. அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்ப்பதாகவே தொடங்கியவர்கள், இறுதியிற் பழமைபேணிகளோடு தோள்சேர்ந்து சிறுவரின் கையிலிருந்ததைப் பறிக்கும் சட்டத்துக்கு வழிசெய்தனர்.

நமது நாட்டிலும் 1970களின் முற்பகுதியிலே தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது முற்போக்கு எழுத்தாளர் பலர் அதனை ஆதரித்தனர். அக்கட்டுப்பாடு ஈழத்து வெளியீட்டுத்துறைக்கு ஊக்கமளித்தது என்பது மறுக்கவியலாதது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகியது அக்காலத்திலேயே. மலைநாட்டு எழுத்தாளரின் கதைக்கனிகள் தொகுதி 1971 இல் அச்சேறியது. அந்த ஆதரவு தவறென்று இங்கே நான் வாதிடவில்லை. நச்சிலக்கியம் என்று நாம் பட்டியலிட்டவற்றைத் தோட்டத்திலே யார் வாசித்தார், எவ்வாறு வாசித்தார், எதற்காக வாசித்தார் என்று ஒருவராவது மலையேறிச் சென்று கேட்கவில்லை என்பதே என் குறை. மக்கள் இலக்கியம் பேசியோர் மக்கள் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை.

அதனைப் பார்த்தவர்கள் சேகரிப்பாளர்களே. வோல்ரர் பெஞ்சமின் 1937 இல் எட்வர்ட் ஃபுக்ஸ் பற்றி எழுதிய கட்டுரையிலே, கல்விமான்கள் இகழ்ந்த கேலிச்சித்திரங்களையும் பாலியற் சித்திரங்களையும் திரட்டியதன் மூலமே ஃபுக்ஸ் வெகுசனக் கலையின் வரலாற்றுக்கு வழிதிறந்தார் என்று காட்டினார். நமக்கு அண்மையில் இதற்கு உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்து, செவ்வியல் நூல்களோடு குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என எவரும் பொருட்படுத்தாதனவற்றையும் அவர் சேர்த்தார். அவர் 1992 இல் மறைந்தபின் ஏறக்குறைய ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்திரட்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. கண்டியிலே நெடுங்காலம் வாழ்ந்த குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் செய்தித்தாள் நறுக்குகளிலிருந்து ஓர் ஆவணக்காப்பகத்தையே கட்டியெழுப்பினார். பல்கலைக்கழகங்கள் செய்யாத பணியைத் தனிமனிதர் தம் வீட்டுக் கூடத்திலே செய்தனர். ஆகவே சேகரிப்பு என்ற செயலை நான் இகழவில்லை. எதனைக் கறை என்று துடைக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு சேகரிப்பையும் அளக்க வேண்டியிருக்கிறது.

நமது நூல்கள் அருகிப்போன விதமும் இங்கே நினைக்கத்தக்கது. 1953 இல் ரே பிராட்பரியின் நூலெரிப்புப் பற்றிய நாவலொன்று, தீப்பற்றாத கல்நார்க் கட்டுடன் 200 படிகள் கையொப்பமிட்டு வெளியிடப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1977 இலும் 1983 இலும் மலையகத்திலே எரிந்த லயங்களிலும் கடைகளிலும் எத்தனை புத்தகங்கள் இருந்தன என்று எண்ணியவர் இல்லை. அங்கே அருமை விலைகொடுத்துச் செய்யப்படுகிறது. இங்கே அது நம்மேல் நிகழ்ந்தது.

இதனாலேதான் பெட்டியிலுள்ள பெயர்கள் பெறுமதி உடையன. தேதியிட்ட பெயர்களை ஆசிரியரும் நானும் வரிசைப்படுத்திப் பார்த்தோம். 1979 முதல் அவை தொடங்குகின்றன. 1983 ஆடி மாதத்துக்குப் பின் ஏறக்குறைய ஓராண்டுக்கு ஒரு பெயரும் இல்லை. அவ்வோராண்டில் இதழ்கள் வரவில்லையா, வந்தும் கைமாறவில்லையா, பெயரெழுத அஞ்சினரா என்பதனை ஆசிரியராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஏழு இதழ்களில் முதற்பெயராக வரும் ஒரு சிறுவனின் பெயர் அதன்பின் எங்கும் இல்லை. இறுதியாக அது வரும் இடத்திலே வேறொரு கை குறுக்குக்கோடிட்டு 'இந்தியா போய்விட்டான்' என்று எழுதியிருக்கிறது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதாயிற்று என்ற புள்ளிவிபரம் நமது கட்டுரைகளிலே நூறுமுறை வந்திருக்கும். அவ்வெண்ணுக்குள் அடங்கிய ஒருவன் தன் சித்திரக்கதைகளை விட்டுப் பயணம் போனதை இக்கோடு ஒன்றே எனக்குக் காட்டியது. சந்தையின் கணக்கிலே அது ஒரு புள்ளிக் குறைவு.

ஆசிரியர் தூய்மையான ஆறு இதழ்களையும் விற்றுவிட்டார். மகளின் படிப்புச் செலவுக்கு அப்பணம் உதவிற்று. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. எஞ்சியவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்தோம். நூற்பட்டியலில் வழமையாக இடம்பெறும் 'நிலை' என்ற பத்தியை நீக்கி, அவ்விடத்தில் 'வாசித்தோர்' என்று எழுதினோம். தலைப்பும் வெளியீட்டுத் தேதியும் எளிதில் முடிந்தன. மூன்றாவது பத்திக்கு இரண்டு நாட்கள் சென்றன. அறுபத்துமூன்று பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் இருபத்தொன்பது பேர் இன்னார் என்று ஆசிரியருக்கும் தமையனாருக்கும் தெரிகிறது. எட்டுப்பேர் இன்றும் அதே தோட்டத்தில் உள்ளனர். ஏனையோரைக் கீழ்க்கணக்கிலே விசாரிக்கவேண்டும் என்று தமையனார் கூறினார். ரோதைமுனியின் பெயரால் எச்சரிக்கை எழுதப்பட்ட இதழுக்கு எதிரே பதினொரு பெயர்கள் உள்ளன. அது பெட்டியில் இருந்தது. ஆகவே பதினொருவரும் திருப்பிக் கொடுத்திருக்கின்றனர்.